ஐந்தடித் தட்டில் ஒரு வேலி

மெல்போர்னில், நோபல் பார்க்கில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் ஒரு வேலி இருந்தது. கதியால் கம்பும் ஓலைக் கிடுகும் இல்லாத வேலி. முன்னறையில் பழைய ஃபயர்பிளேஸ் ஒன்று. அதற்கு மேலே ஐந்தடி நீளத்தில் ஒரு மரத்தட்டு. அந்தத் தட்டின் சரி நடுவில் பென்சிலால் கீறிய ஒரு கோடு. கீறியவன் நான்தான். அடிமட்டம் வைத்து இரண்டு தரம் அளந்து, பென்சிலைக் கூர் தீட்டிக் கீறினேன். அழிந்துபோகக் கூடாது என்று அதற்கு மேலே வார்னிஷும் அடித்தேன்.

கோட்டுக்கு இடப்பக்கம் என்னுடைய சாமிப் படங்கள். வலப்பக்கம் மனைவியின் இடம். வருடத்தில் பதினொரு மாதம் அங்கே ஒரு பூச்சாடியும், பின்னாளில் மகளின் பள்ளிக்கூடப் படமும் நிற்கும். டிசம்பர் பிறந்ததும் அவை இறங்க, கிறிஸ்மஸுக்கான நத்தார்க் குடில் ஏறும்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் யாழ்ப்பாணத்தான். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களே ஒரு முழ நிலத்துக்காக இருபது வருடம் வழக்காடுகிற ஊர் எங்களுடையது. வேலி அடைக்கிற நாளில், பக்கத்து வீட்டுக்காரன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்துக் கதியாலை நாலு விரல் அங்கால் தள்ளி நட்டுவிடுவார்கள். இதற்கு 'அரக்குதல்' என்று பெயர்கூட வைத்திருக்கிறோம். இருபது வயதில் நான் ஒரு நில அளவையாளருக்குச் சங்கிலி பிடித்துத் திரிந்தவன். போன இடமெல்லாம் ஒரு பக்கம் அழுகை, மறு பக்கம் சாபம், நடுவில் சங்கிலியோடு நான். இப்படிப்பட்டவன் அவுஸ்திரேலியாவுக்கு வந்து ஒரு கம்பனியில் வரைபடம் கீறுகிற வேலைக்குச் சேர்ந்தால், வீட்டுக்குள் அடிமட்டம் வராமல் என்ன செய்யும்?

மனைவி ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். கத்தோலிக்கக் குடும்பம். படிக்க வந்தவள். சிட்னியில், ஹோம்புஷில், ஒரே மாடிக் கட்டடத்தில் நான் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. அவளுடைய குளியலறைத் தண்ணீர் ஒழுகி என் கூரை ஊறுகிறது என்று முறைப்பாடு சொல்லப் படியேறியவன், ஒன்றரை வருடம் கழித்து அவளையே கட்டிக்கொண்டேன். நான் கோபத்தோடு போய் நல்லதாக முடிந்த காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கல்யாணம் எங்கள் முறைப்படிதான் நடக்கவேண்டும் என்று என் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். தாலி கட்டுவதற்கு முதல் நாள் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க சொல்ற மாதிரியே எல்லாம் செய்றேன். கோயில்லயே கட்டிக்கிறேன். டிசம்பர்ல மட்டும் ஒரு குடில் வைக்க எனக்கு இடம் கொடுங்க. அது போதும்."

"ஓம், அதுக்கென்ன," என்றேன்.

இடம் என்று கேட்டால் அளவைக் கேட்கிறவன் நான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் வேலை மாற்றத்தோடு மெல்போர்னுக்கு வந்து நோபல் பார்க்கில் அந்த வீட்டை வாங்கினோம். ஃபயர்பிளேஸில் யாரும் விறகு எரித்து வருடக்கணக்காகியிருந்தது; அதன் வாயை அடைத்து ஒரு கேஸ் ஹீட்டரைப் பொருத்தியிருந்தார்கள். பால் காய்ச்சிய அன்று, சாமிப் படங்களை எங்கே வைப்பது என்று ஒரு திசைகாட்டியோடு அறை அறையாகத் திரிந்தேன். கிழக்குப் பார்த்து, கால் படாத உயரத்தில் இருந்தது அந்த மரத்தட்டு ஒன்றுதான். வெள்ளைக்காரன் மணிக்கூடும் குடும்பப் படமும் வைக்கக் கட்டிய இடத்தில் பிள்ளையார் ஏறினார். கூடவே முருகனும் லட்சுமியும். சுவர் செங்கல் சுவர், ஆணி இறங்கவில்லை. ஆகவே படங்களைச் சுவரில் சற்றுச் சாய்த்தபடி நிறுத்தி, முன்னால் ஒரு பித்தளை விளக்கு வைத்தேன்.

நான் அப்படியொன்றும் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்பு எங்கே என்றுதான் நினைப்பு ஓடும். ஆனால் காலையில் குளித்து, அந்த விளக்கை ஏற்றி, ஒரு தரம் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். காய்ச்சலில் கிடந்தாலும் அதை விட்டதில்லை. ஏற்றுவது மட்டும்தான் என் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் படங்களைத் துடைப்பது, திரி திரிப்பது, எண்ணெய்ப் பிசுக்குப் போக விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது எல்லாம் அவள்தான். என் பக்கத்தில் அவள் வேலை செய்யலாம். அவளுடைய பொருட்கள்தான் வரக்கூடாது. அதில் உள்ள நியாயத்தைப் பற்றி அன்று நான் யோசித்ததில்லை.

அந்த முதல் டிசம்பரில் அவள் அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை இறக்கினாள். படிக்க அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது அவளுடைய அம்மா கொடுத்து விட்டது. உள்ளே பழந்துணியில் சுற்றிய சுரூபங்கள்: மாதா, சூசையப்பர், இரண்டு இடையர்கள், ஒரு மாடு, ஒரு கழுதை, வைக்கோல் தொட்டில் ஒன்று. எல்லாம் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அவள் அவற்றை மேசையில் பரப்பி வைத்துவிட்டு ஃபயர்பிளேஸைப் பார்த்தாள்.

"அங்கதாங்க வைக்கணும்."

"அங்கை சாமி இருக்கு. டீவிக்கு மேலை வையுமன்."

"டீவி மேல வைக்கவா கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட இடம் கேட்டேன்?"

வாய் தோற்றால் கை அடிமட்டத்துக்குத்தான் போகும். இரண்டரையடி அவளுக்கு, இரண்டரையடி எனக்கு. கோட்டைக் கீறி முடித்து, "இந்தக் கோட்டுக்கு அங்காலை உம்மடை ராச்சியம், இங்காலை என்ரை" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிரித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் எங்கள் வீட்டில் எல்லைப் பிரச்சினைக் காலம். மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு சாமான் வந்தது. ஐஸ்கிரீம் குச்சி நட்சத்திரம், முட்டை அட்டையில் செய்த மணி, பச்சைக் கடதாசி வளையம். கூரைக் குளிரூட்டி இரைய இரைய, வெளியே நாற்பது பாகை வெயிலில் புல் கருகிக்கொண்டிருக்க, என் மனைவி பனி என்று சொல்லித் தட்டு முழுக்கப் பஞ்சைப் பரப்புவாள். "ஈப்போவிலையும் பனி இல்லை, இஞ்சையும் பனி இல்லை, ஆருக்கு இந்தப் பஞ்சு?" என்று கேட்பேன். "பெத்தலகேமுக்கு" என்பாள். அங்கேயும் பாலைவனம்தானே என்று கேட்க வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவேன்.

காலுறை வந்தபோதுதான் பெரிய வழக்கு. நத்தார்த் தாத்தா பரிசு போட அந்த மரத்தட்டில் காலுறை தொங்கவேண்டுமாம். சாமிக்குக் கீழே காலில் போடுகிற சாமானைத் தூக்குவதா என்று நான் குதித்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஷெல்ஃப்" என்றாள். கடைசியில் காலுறையைக் கோட்டுக்கு வலப்பக்கம் மட்டும், அதுவும் ஒருநாளும் கால் படாத புதுக் காலுறையை மட்டும் தூக்கலாம் என்று உடன்படிக்கை ஆயிற்று.

நான் வாரம் ஒருமுறை அடிமட்டத்தோடு போய்ப் பார்ப்பேன். பஞ்சு ஒரு விரல் இங்கால் வந்திருக்கும். தள்ளிவிடுவேன். அடுத்த வாரம் கழுதையின் வால் வந்திருக்கும். நான் அளக்கும் நேரமெல்லாம் அவள் கரண்டியும் கையுமாகக் குசினி வாசலில் நின்று, அந்த முதல் நாள் சிரித்த அதே சிரிப்பைச் சிரிப்பாள். என்னுடைய பைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அது ஒரு விளையாட்டுத்தான். விளையாட்டாக இருந்த வரைக்கும்.

பத்தாவது வருடம் அவள் மூன்று இராசாக்களையும் ஓர் ஒட்டகத்தையும் வாங்கி வந்தாள். ஒட்டகம் மற்றச் சுரூபங்களைவிடப் பெரியது. எங்கே வைத்தாலும் இடிக்கும். அந்த வாரம் வேலைத்தலத்தில் என் வரைபடம் ஒன்று பிழையாகி, மேலாளர் எல்லோருக்கும் முன்னால் என்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டிருந்தார். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், ஒட்டகத்தின் முன்னங்கால் இரண்டும் கோட்டைத் தாண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கின்றன.

அதைப் பிடித்து இழுத்தேன். பஞ்சும் கூடவே வந்தது. இடையன் ஒருவன் கம்பளத்தில் விழுந்தான்.

"மெதுவாங்க, உடைஞ்சிடும்" என்று அவள் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"உடைஞ்சால் உடையட்டும். இது சாமி இருக்கிற இடம். உம்மடை பொம்மையளுக்குப் பாதி விட்டதே பெரிசு."

சொன்ன கணமே அது பிழை என்று தெரிந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் நட்ட கதியாலைத் தாங்களாகப் பிடுங்கமாட்டார்கள்.

"பொம்மையா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் வேறு ஏதாவது வேலை செய்வான். நான் வேக்குவம் கிளீனரை எடுத்துக் கம்பளத்தில் கொட்டிய பஞ்சு முழுவதையும் இழுத்துச் சுத்தம் செய்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வழமையாக மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும், ஜனவரி ஆறாம் தேதி வரைக்கும், குடில் இருக்கும். அந்த வருடம் இருபத்தேழாம் தேதியே எல்லாவற்றையும் துணியில் சுற்றித் தகரத்தில் போட்டு மூடிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை என் சாமிப் படங்களை எப்போதும் போலத் துடைத்தாள். அவள் கோபித்துக்கொண்டு துடைக்காமல் விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறு வருடம் நவம்பரில் ஈப்போவிலிருந்து போன் வந்தது. அவளுடைய அம்மாவுக்கு நோய் கடுமை. மகளுக்குப் பள்ளிக்கூடம் முடியவில்லை. ஆகவே அவள் தனியாகப் பறந்தாள். நானும் ஒன்பது வயது மகளும் பருப்பும் சோறும், சோறும் பருப்புமாக நாட்களை ஓட்டினோம். டிசம்பர் இரண்டாம் வாரம் அம்மா போய்விட்டார். செத்தவீடு முடித்து இருபத்து மூன்றாம் தேதி வருவதாகச் சொன்னாள். போனில் அவளுடைய குரல் அழுது தேய்ந்திருந்தது.

மகள் போனை வாங்கி, குடிலை யார் வைப்பது என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"இந்த வருஷம் வேணாம்மா. இனிமே பாத்துக்கலாம்லா."

அந்த 'வேணாம்' என்னைப் படுக்கவிடாமல் குத்தியது. அம்மா செத்த வருடம் என்பதால் வேண்டாமா, அல்லது நான் சொன்ன சொல்லால் வேண்டாமா? 'இனிமே' என்றால் எப்போது? கல்யாணத்துக்கு முன் அவள் என்னிடம் கேட்டதே அந்த ஒன்றைத்தான். அவளுடைய அம்மா கொடுத்ததில் அவளிடம் மிஞ்சியிருந்ததும் அந்தத் தகரம்தான். அதையும் நான் பொம்மை என்று சொல்லி மூட வைத்துவிட்டேன். இந்த வருடம் மூடிக் கிடந்தால் இந்த வீட்டில் அது இனித் திறக்கப்படாது என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் பயந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் ஏணி வைத்துத் தகரத்தை இறக்கினேன். மகள் வழிகாட்ட, பூச்சாடியை எடுத்துவிட்டுப் பஞ்சைப் பரப்பினேன். கோட்டை அழித்துவிடலாம் என்று ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். வார்னிஷுக்குக் கீழே அது சிரித்துக்கொண்டு கிடந்தது. சரி, அழிக்க முடியாவிட்டால் மறைப்போம் என்று பஞ்சைக் கோட்டின் மேல் இழுத்துவிட்டேன். மாதாவும் சூசையப்பரும் நின்றார்கள். மாடு நின்றது. ஒட்டகத்தை எடுத்து, வேண்டுமென்றே முன்னங்கால் இரண்டும் என் பக்கம் வரும்படி பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தினேன். என் வாழ்நாளில் என் காணிக்குள் மற்றவனின் கதியாலை நானே நட்டது அன்றுதான்.

"குழந்தை எங்கை?" என்று மகளிடம் கேட்டேன். தொட்டில் வெறுமையாக இருந்தது.

"மம் எப்பவும் லாஸ்டாத்தான் வைப்பா," என்றாள்.

கடைசியாக வைப்பாள் என்றால் தகரத்தின் அடியில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அடியில் ஒன்றுமில்லை. துணிகளை ஒவ்வொன்றாக உதறினேன். அலுமாரியைக் கவிழ்த்தேன். சோபாவுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் பாலன் இல்லை. பெருவிரல் அளவு பீங்கான் குழந்தை அது. எப்போதோ ஒரு நத்தாரில் பார்த்த ஞாபகம். கதிரையில் உட்கார்ந்தபோது என் தலைக்குள் வேக்குவம் கிளீனர் இரைந்தது. அன்று பஞ்சோடு பஞ்சாக இழுத்து, பையோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். வேறு எப்படிக் காணாமல் போகும்? அவளுடைய அம்மா கொடுத்த பாலனை நான்தான் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவைப் புதைத்துவிட்டு நாளைக்கு அவள் வந்து இறங்கப்போகிறாள்.

மகளையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். குடில் முழுசாகத்தான் விற்பார்களாம். குழந்தை தனியாக இல்லையாம். ஒரு சாமான்கடையில் தனிக் குழந்தை இருந்தது. ஆனால் அது மாதாவைவிடப் பெரியது. அதைத் தொட்டிலில் கிடத்தினால் பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். வெறுங்கையோடு திரும்பினோம்.

வீட்டில் சாமி இல்லாவிட்டால் எங்கள் சனம் என்ன செய்யும்? மஞ்சளைக் குழைத்துப் பிடித்து வைக்கும். பிடித்து வைத்தால் பிள்ளையார். எனக்குத் தெரிந்த ஒரே சிற்பக்கலை அதுதான். குளித்துவிட்டு வந்து, குசினியில் மஞ்சள் தூளைச் சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். குழந்தை மாதிரித்தான் உருட்டத் தொடங்கினேன். ஆனால் கை பழகிய வழியில்தான் போகும். மேலே கூர், கீழே அகலம், கொஞ்சம் குந்திய தோரணை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள்; எனக்குப் பாலனைப் பிடிக்கப் பிள்ளையாராய் வந்து உட்கார்ந்தது. பின் வளவுத் தேசிக்காய் மரத்தில் எலுமிச்சை மணக்கிற ஓர் இலையைப் பறித்து அதில் வைத்தேன். வழக்கம் விடவில்லை, புல்தரையிலிருந்து அறுகம்புல் நுனி ஒன்றைக் கிள்ளித் தலையிலும் குத்திவிட்டேன். இங்கே களை என்று மருந்தடிக்கிற கூச் புல், நம்முடைய அறுகுதான்.

மகள் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஹி'ஸ் யெல்லோ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பட் நைஸ்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தேன். ஒரு மாதத்தில் மெலிந்திருந்தாள். வழியில் அம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓம் ஓம் என்றேன். குடிலைப் பற்றி மூச்சு விடவில்லை.

முன்னறைக்குள் வந்தவள் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். தட்டைப் பார்த்தாள்.

"ஒட்டகம் உங்க பக்கம் நிக்குது."

"நிக்கட்டும்."

கிட்டப் போய்த் தொட்டிலைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"இது யாருங்க?"

"அது... பாலன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியைப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள். தலையில் அறுகம்புல்லைக் கண்டதும் இன்னும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. மகள் போய் அவளுடைய மடியில் ஏறிக்கொண்டாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். "உம்மடை அம்மா தந்த குழந்தையை நான்தான் துலைச்சுப்போட்டன். அண்டைக்கு வேக்குவத்திலை இழுபட்டுப் போட்டுது. அதோடை, அண்டைக்கு நான் சொன்ன சொல்லும் பிழை. பொம்மையெண்டு சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அப்படி ஒரு வசனத்தை நான் அவளிடம் சொன்னதில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தட்டுக்குப் போனாள். வலப்பக்கம் போகவில்லை, என் பக்கம் போனாள். பிள்ளையார் படத்தின் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "ஒரு மாசமா யாரும் துடைக்கலை" என்று சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். பிறகு படத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவருக்கும் படத்துக்கும் இடையில் மற்றக் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு சின்ன வெள்ளைக் கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தாள். உள்ளே பீங்கான் பாலன், பெருவிரல் அளவு, ஒரு கீறலும் இல்லாமல்.

நான் தொட்டிலில் கிடந்த மஞ்சள் பாலனைப் பார்த்தேன்.

"இருபத்துநாலாம் தேதி பூசை முடிஞ்சுதாங்க தொட்டில்ல வைப்பாங்க. அவரு இன்னும் பொறக்கவே இல்லை, நீங்க அதுக்குள்ள படுக்க வச்சிட்டீங்க."

பதினொரு வருடம் அந்தத் தட்டைச் சென்ரிமீட்டர் கணக்கில் காவல் காத்தவன் நான். இருபத்து நாலாம் தேதி வரைக்கும் தொட்டில் வெறுமையாக இருக்கும் என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. கோட்டைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

"எப்ப துவக்கம் அங்கை வைக்கிறனீர்?"

"மொத வருஷத்துல இருந்து. கோடு போட்டீங்களே, அன்னிக்கே. எங்க அம்மா தரும்போது சொன்னாங்க, மத்ததெல்லாம் தகரத்துல இருக்கட்டும், பாலனை மட்டும் மூடி வைக்காத, வீட்டுல தினம் விளக்கு ஏத்துற இடத்துல வைன்னு. நம்ம வீட்டுல தினம் விளக்கு ஏத்துற இடம் அது ஒண்ணுதானே."

குசினி வாசலில் நின்று அவள் சிரித்த சிரிப்புகள் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. நான் ஒட்டகத்தின் காலை அளந்துகொண்டிருக்க, அவளுடைய பாலன் வருடம் முழுக்க என் காணிக்குள்ளே குடியிருந்திருக்கிறார். தினமும் காலையில் நான் விளக்குக் காட்டியிருக்கிறேன்.

ஒன்றைக் கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டேன்.

"போன வருசம்? நான் அப்பிடிச் சொன்ன பிறகும் அங்கையே வைச்சனீர்?"

"அப்புறமும் அங்கதான். வேற எங்க கொண்டு போறது?"

அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். கேத்தில் கொதித்து அணைந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

மறுநாள் பின்னேரம் மூவருமாகத் தேவாலயத்துக்குப் போனோம். நான் போனது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் கைக்குட்டையை அவிழ்த்துப் பாலனை என் உள்ளங்கையில் வைத்தாள். "இத்தனை வருஷம் உங்ககிட்டதானே இருந்தாரு, நீங்களே வைங்க" என்றாள். மஞ்சள் பாலனைத் தண்ணீரில் கரைத்துவிடலாம் என்று நான் எடுத்தேன். அவள் விடவில்லை, தேசி இலையோடு வாங்கி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கைக்குட்டை இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு நான் பீங்கான் பாலனைத் தொட்டிலில் கிடத்தினேன்.

நத்தார்க் காலையில் எப்போதும் போலக் குளித்து விளக்கை ஏற்றினேன். பிள்ளையாருக்குக் காட்டினேன், முருகனுக்குக் காட்டினேன், லட்சுமிக்குக் காட்டினேன். கோட்டுக்கு நேரே வந்ததும் கை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.